அண்ணன் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாரா?

வாசகி ஒருவரிடமிருந்து நீண்ட கடிதம் வந்திருக்கிறது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அண்ணனுக்கு 41 வயது. ஏழு வாரங்களுக்கு முன் ஒருநாள் காலை தலைசுற்றல், வாந்தி, பேச்சுக் குழறல். மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் நினைவு தப்பிவிட்டது. மூளைத்தண்டில் 'பான்ஸ்' என்ற பகுதியில் ரத்த ஓட்டம் தடைபட்டிருப்பது எம்ஆர்ஐ ஸ்கேனில் தெரிந்தது. மூன்று வாரம் ஐசியு, வென்டிலேட்டர். பிறகு கழுத்தில் மூச்சு விடுவதற்கான ட்ரக்கியாஸ்டமி டியூபும் மூக்கில் உணவுக் குழாயுமாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "கோமாதான், காத்திருந்து பார்ப்போம்" என்பது சொல்லப்பட்ட கடைசி வார்த்தை. கை கால் அசையவில்லை. காலையில் கண் திறக்கிறார், இரவில் மூடுகிறார். மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் ஈஈஜி சோதனை ஏறத்தாழ நார்மல் என்று டிஸ்சார்ஜ் தாளில் இருக்கிறது.

பத்து நாட்களுக்கு முன் அண்ணனின் மகள் கட்டிலருகே நின்று "அப்பா, இங்க பாருங்க" என்றபோது அவர் விழிகள் மேலே போயிருக்கின்றன. வாசகி மறுநாள் கூப்பிட்டுப் பார்த்தார், மறுபடியும் போயின. அண்ணியிடம் சொன்னால், "உனக்கு ஆசை, அதனால அப்படித் தெரியுது" என்கிறார். பெரியப்பா ஒருவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, இப்படிக் கிடப்பதற்குப் போய்ச் சேர்ந்தால் நல்லது என்று பேசுகிறார். சொத்துப் பத்திரம் ஒன்றில் அண்ணனின் கைரேகையை வாங்கிவிட வேண்டும் என்கிறார். தெரிந்தவர் ஒருவர், நோயாளியின் கையைப் பிடித்து எழுத்துகளைத் தொடவைத்து அவர் மனதில் இருப்பதை எழுதிக்காட்டும் ஆள் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அண்ணனுக்கு உணர்வு இருக்கிறதா? அதை எப்படி நிரூபிப்பது? அந்த ஆளை அழைக்கலாமா? கைரேகை விஷயத்தில் என்ன செய்வது? இவற்றோடு கடைசியில் ஒரு வரி: "உணர்வு இருக்கிறது என்றால் அதைவிடக் கொடுமை இல்லையே டாக்டர், ஒன்றும் தெரியாமலே இருக்கட்டும் என்றுகூடச் சில ராத்திரி வேண்டிக்கொள்கிறேன். நான் பாவியா?"

அன்புள்ள சகோதரிக்கு,

அண்ணனை நான் நேரில் பார்க்கவில்லை. கடிதத்தை வைத்து நோயை உறுதிசெய்ய எந்த மருத்துவராலும் முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், அவர் கேட்டுக்கொண்டும் புரிந்துகொண்டும் இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. முறையாகச் சோதித்து முடிக்கும்வரை அவர் விழிப்போடு இருக்கிறார் என்றே எண்ணி எல்லோரும் நடந்துகொள்ளுங்கள். உணர்வில்லாத ஒருவரிடம் ஆறு மாதம் பேசினால் யாருக்கும் நஷ்டமில்லை. உணர்வுள்ள ஒருவரை ஆறு மாதம் இல்லாதவராக நடத்தியிருந்தால், அந்த ஆறு மாதத்தை அவருக்கு எவராலும் திருப்பித் தர முடியாது.

இது கோமாவாக இருக்க வாய்ப்பில்லை

கோமாவில் இருப்பவர் கண் திறக்கமாட்டார். தூக்கமும் விழிப்பும் மாறிமாறி வராது. அந்த நிலை பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரங்களுக்குமேல் நீடிப்பதும் இல்லை. அதற்குப் பிறகு உயிரோடிருப்பவர் வேறு ஏதாவது ஒரு நிலைக்கு வந்திருப்பார். சிலருக்குக் கண் திறந்திருக்கும், ஆனால் தன்னையோ சூழலையோ உணர்வதற்கான அடையாளம் எதுவும் தென்படாது. சிலருக்கு உணர்வு விட்டுவிட்டு எட்டிப்பார்க்கும்: ஒரு வேளை சொன்னதைச் செய்வார், அடுத்த வேளை செய்யமாட்டார். இன்னும் சிலருக்கு அறிவு, நினைவு, பாசம், கோபம் எல்லாம் முழுசாக இருக்கும். உடல் மட்டும் ஒத்துழைக்காது. இந்தக் கடைசி நிலைக்கு 1966-ல் ஃப்ரெட் ப்ளம், ஜெரோம் போஸ்னர் என்ற நரம்பியல் மருத்துவர்கள் 'லாக்டு-இன் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார்கள். உள்ளே ஆள் இருக்கிறார், கதவு வெளியே பூட்டியிருக்கிறது என்பது போன்ற நிலை.

அண்ணனுக்கு அடைப்பு ஏற்பட்ட இடம்தான் என்னை இந்தப் பக்கம் யோசிக்க வைக்கிறது. கை, கால், முகம், நாக்கு, தொண்டை எல்லாவற்றுக்கும் மூளையிலிருந்து போகும் கட்டளை நரம்புகள் பான்ஸின் முன்பகுதியில் நெருக்கமாகக் கூடி இறங்குகின்றன. அந்த இடம் பழுதானால் ஒரே அடியில் எல்லா அசைவும் நின்றுபோகும். நம்மை விழிப்பாக வைத்திருக்கும் நரம்பு வலை அதற்குப் பின்பக்கத்திலும் மேலேயும் இருக்கிறது. சிந்திக்கும் பெருமூளையோ இன்னும் மேலே. அவை தப்பிவிடலாம். கேட்கும் திறனும் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. விழிகளைப் பக்கவாட்டில் திருப்பும் மையம் பான்ஸில் இருப்பதால் அது போய்விடும். மேலும் கீழும் பார்க்க வைப்பதும், மேலிமையைத் தூக்குவதும் அதற்கு மேலுள்ள நடுமூளையின் வேலை. அதனால் உடல் முழுக்க அசைவிழந்தவருக்கு விழியின் மேல்-கீழ் அசைவும் இமையும் மட்டும் மிஞ்சியிருக்கும்.

உங்கள் கடிதத்தில் அண்ணனின் கண்கள் எந்தப் பக்கம் போயின என்று எழுதியிருக்கிறீர்கள்? மேலே. மருத்துவம் தெரியாத ஒருவர் கற்பனையாகச் சொல்லியிருந்தால் "என்னைப் பார்த்தார்", "திரும்பினார்" என்றுதான் எழுதியிருப்பார்.

ஈஈஜி விஷயத்தில் வீட்டில் எல்லோரும் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். "மூளை நார்மல் என்கிறார்கள், பிறகு ஏன் எழவில்லை? எழ மனமில்லையா?" என்று அண்ணி அழுததாக எழுதியிருக்கிறீர்கள். பெருமூளை இயல்பாக இயங்கியும் உடல் அசையவில்லை என்றால், இரண்டுக்கும் நடுவிலுள்ள பாதை அறுந்திருக்கிறதா என்று தேட வேண்டும். ஈஈஜி மட்டும் வைத்து உணர்வு இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது; ஆனால் அண்ணன் விஷயத்தில் அது நம்பிக்கையின் பக்கம் நிற்கும் தடயம்.

உங்களைப் போல் சொன்னதற்காக ஆசைக்காரி என்று பெயர் வாங்கியவர்கள் நிறையப் பேர். லாக்டு-இன் நிலையில் இருந்த 44 பேரைப் பற்றி 2002-ல் வெளியான ஆய்வில், நோயைச் சரியாகக் கண்டறியச் சராசரியாக இரண்டரை மாதம் ஆகியிருந்தது. பாதிக்கும் மேற்பட்டோருக்கு, உணர்வு இருப்பதை முதலில் கவனித்தது வீட்டு மனிதர்கள். மருத்துவர் ஐந்து நிமிடம் பார்க்கிறார். அந்த நேரத்தில் நோயாளி அசந்து தூங்கிக்கொண்டிருக்கலாம். "கையை அழுத்துங்க, விரலை ஆட்டுங்க" என்று கேட்டுவிட்டு, அழுத்தாததால் உணர்வில்லை என்று எழுதிவிட்டுப் போவதும் நடக்கிறது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கண்ணீர் வருவது, கொட்டாவி, பல்லைக் கடிப்பது, உள்ளங்கையில் விரல் வைத்தால் இறுகப் பிடிப்பது, பெரிய சத்தத்துக்குத் திடுக்கிடுவது இவையெல்லாம் உணர்வே இல்லாதவரிடமும் தாமாக நிகழக்கூடியவை. அண்ணன் அழுததை ஆதாரமாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. சொன்ன வேலையை, சொன்ன நேரத்தில், திரும்பத் திரும்பச் செய்கிறாரா என்பது ஒன்றுதான் கணக்கு.

கண்ணைச் சோதிக்கும் முறை

இதை நீங்களே வீட்டில் தொடங்கலாம். முடிவை மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும்.

நல்ல நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். தூங்கி எழுந்து, சளி உறிஞ்சி முடித்து, தூக்கம் வரவழைக்கும் மருந்தின் வேகம் அடங்கிய நேரமாக இருக்கட்டும். தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்தி, முடிந்தால் சாய்வாக உட்கார வையுங்கள். படுத்த நிலையைவிட நிமிர்ந்த நிலையில் விழிப்பு கூடும். கண்ணாடி போடுகிறவர் என்றால் போட்டுவிடுங்கள். டிவியை நிறுத்துங்கள். இமை பாதி மூடியிருந்தால் விரலால் மெல்லத் தூக்கிப் பிடியுங்கள். இமையைத் திறக்க முடியாததாலேயே கவனிக்கப்படாமல் போனவர்கள் உண்டு.

ஒரு தாளில் பத்து வரி போட்டு, ஒவ்வொரு வரிக்கும் நாணயத்தைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் 'மேலே', பூ விழுந்தால் 'கீழே'. அண்ணனிடம் முதலில் விளக்குங்கள்: "அண்ணா, உங்களுக்குக் கேட்கிறதா என்று தெரிந்துகொள்ளப் போகிறேன். மேலே என்றால் கண்ணை மேலே கொண்டு போங்கள், கீழே என்றால் கீழே." பிறகு தாளில் உள்ள வரிசைப்படி ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் இருபது விநாடி வரை பொறுத்திருங்கள். இதில் பலர் அவசரப்பட்டுவிடுகிறார்கள். கட்டளை காதில் விழுந்து, விழிக்கு வந்து சேர அவருக்கு நேரமாகும். நடுநடுவே ஒன்றும் சொல்லாமல் இருபது விநாடி சும்மா இருந்து, அப்போது கண் தானாக அலைகிறதா என்றும் பாருங்கள்.

எல்லாவற்றையும் அவர் முகம் தெளிவாகத் தெரியும்படி போனில் பதிவு செய்யுங்கள். அந்த வீடியோவைச் சத்தத்தை அணைத்துவிட்டு அண்ணியிடம் கொடுங்கள். என்ன கட்டளை சொன்னீர்கள் என்று தெரியாமல், விழி எப்போது எந்தப் பக்கம் போனது என்று மட்டும் அவர் குறித்துத் தரட்டும். பிறகு இரண்டு தாளையும் ஒப்பிடுங்கள். பத்தில் ஒன்பது பொருந்தினால், அது தற்செயலாக அமைய நூற்றில் ஏறத்தாழ ஒரு வாய்ப்புதான் உண்டு. உங்கள் ஆசை அந்தத் தாளுக்குள் நுழைய முடியாது. அண்ணியை வாதத்தில் ஜெயிப்பதைவிட அவர் கையிலேயே பேனாவைக் கொடுப்பது நல்லது. அவர் நம்ப மறுப்பதில் பயம் நிறைய இருக்கிறது என்று நினைக்கிறேன். ஏழு வாரமாக அவர் கணவரிடம் பேசவில்லை என்றால், கணவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார் என்பது அவருக்குச் சந்தோஷச் செய்தியாக மட்டும் வந்து சேராது. அதை மனதில் வைத்துப் பேசுங்கள்.

முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை முகத்துக்கு நேரே பிடித்து, மெதுவாக மேலும் கீழும் நகர்த்தியும் பாருங்கள். வேறு எதையும் தொடராத விழி சில நேரம் தன் முகத்தைத் தொடரும். மருத்துவர்களும் இதையே பயன்படுத்துகிறார்கள்.

பத்து நிமிடத்துக்குமேல் வேண்டாம். களைத்துவிடுவார். ஒருநாள் சரியாக வரவில்லை என்றால் மனம் உடைய வேண்டாம். இரண்டு வாரத்தில் குறைந்தது ஐந்து முறை, வெவ்வேறு நேரங்களில் செய்யுங்கள். மருத்துவமனைகளில் இதற்கென்றே 'கோமா ரிகவரி ஸ்கேல்-ரிவைஸ்டு' என்ற முறைப்படியான சோதனை இருக்கிறது. உணர்வே இல்லை என்று மருத்துவக் குழு ஒருமித்து முடிவு செய்திருந்த 44 பேரை அந்தச் சோதனைக்கு உட்படுத்தியபோது, 18 பேருக்கு உணர்வின் அடையாளங்கள் இருந்ததாக 2009-ல் ஓர் ஆய்வு காட்டியது. இந்தச் சோதனையை ஒரே நாளோடு நிறுத்தாமல் பலமுறை செய்யும்படி நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். விழியின் மேல்-கீழ் அசைவைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். வலிப்புக்கும் தசை இறுக்கத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் மருந்துகளில் எவை மந்தப்படுத்துகின்றன, எதைக் குறைக்கலாம் என்றும் கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

கண்ணும் அசையாவிட்டால்

சோதனை சரிவராமலே போனால்? உணர்வு இல்லை என்று அப்போதும் அடித்துச் சொல்ல முடியாது. லாக்டு-இன் நிலையிலேயே கண்ணசைவும் அற்றுப்போன முழுமையான வகை ஒன்று உண்டு.

2006-ல் ஏட்ரியன் ஓவன் குழுவினர், சாலை விபத்தில் அடிபட்டு எந்த எதிர்வினையும் இல்லாதிருந்த 23 வயதுப் பெண்ணை மூளையின் செயல்பாட்டைக் காட்டும் எம்ஆர்ஐ ஸ்கேனுக்குள் வைத்து, டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். பிறகு சொந்த வீட்டின் அறைகளில் நடந்து போவதாக நினைக்கச் சொன்னார்கள். நல்ல நிலையில் உள்ளவருக்கு மூளையின் எந்தெந்த இடங்கள் இயங்குமோ அதே இடங்கள் அவருக்கும் இயங்கின. 2010-ல் வேறொரு நோயாளி, 'ஆம்' என்பதற்கு ஒரு கற்பனையும் 'இல்லை' என்பதற்கு இன்னொன்றுமாக வைத்துக்கொண்டு கேள்விகளுக்கே பதில் சொன்னார். 2024-ல் வெளியான பெரிய ஆய்வொன்றில், சொன்னதைச் செய்யும் அடையாளம் வெளியில் எதுவும் தெரியாத 241 பேரில் 60 பேர், அதாவது நான்கில் ஒருவர், ஸ்கேனிலோ ஈஈஜியிலோ கட்டளையைப் பின்பற்றுவது தெரிந்தது.

இந்த வசதி ஆராய்ச்சி நடக்கும் ஒருசில இடங்களில்தான் இருக்கிறது. அதற்காக அலைந்து கடன்படத் தேவையில்லை. அதே 2024 ஆய்வில், கட்டளைக்கு வெளிப்படையாகவே எதிர்வினை காட்டிய 112 பேரில் 43 பேருக்குத்தான் இந்தச் சோதனைகளில் அது தெரிந்தது. கருவியில் தெரியவில்லை என்பதால் உள்ளே ஆள் இல்லை என்று ஆகிவிடாது. உங்கள் அண்ணனுக்கு விழி அசைகிறது; அங்கிருந்து தொடங்குவோம்.

ஆம், இல்லை, பிறகு எழுத்து

சோதனையில் தேறிவிட்டால், கண் மேலே போனால் 'ஆம்', கீழே போனால் 'இல்லை' என்று அவரோடு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். இமை தட்டுவதைக் குறியாக வைத்தால் குழப்பம் வரும். இமை தானாகவும் அடித்துக்கொள்ளும். விடை உங்களுக்குத் தெரிந்த கேள்விகளை முதலில் கேளுங்கள். பாதிக்கு 'ஆம்', பாதிக்கு 'இல்லை' விடையாக வரட்டும். முக்கியமான எதையும் திருப்பிப் போட்டும் கேளுங்கள்: "வலிக்கிறதா?" என்று ஒரு தடவை, கொஞ்சம் பொறுத்து "வலி இல்லாமல் இருக்கிறீர்களா?" என்று ஒரு தடவை. இரண்டும் ஒத்துப்போனால்தான் பதில்.

பேச நம் தமிழெழுத்தின் வரிசையே கைகொடுக்கும். 247 எழுத்தையும் பலகையில் நிரப்ப வேண்டாம். நான்கு வரி போதும்: உயிர் பன்னிரண்டு ஒரு வரி; வல்லினம் க, ச, ட, த, ப, ற; மெல்லினம் ங, ஞ, ண, ந, ம, ன; இடையினம் ய, ர, ல, வ, ழ, ள. "உயிரா? வல்லினமா? மெல்லினமா? இடையினமா?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கண் மேலே போன வரியில் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லுங்கள். தொடக்கத்தில் மெய்யை மட்டும் வாங்கினாலே பாதி வேலை முடிந்துவிடும். 'வ', 'ல' என்று வந்தால் "வலியா?" என்று கேளுங்கள், இல்லை என்றால் "வலதுபக்கமா?" என்று கேளுங்கள். யூகித்ததை அவர் ஆமோதிக்காமல் எழுதிவைக்காதீர்கள். வீட்டார் அன்பினாலேயே நோயாளியின் வாயில் தங்கள் வார்த்தையைத் திணித்துவிடுகிறார்கள். மூன்று எழுத்துக்கு ஐந்து நிமிடம் ஆகும். ஆகட்டும்.

நாளாவட்டத்தில் கண்ணசைவைப் படிக்கும் கம்ப்யூட்டர் கருவிகளுக்குப் போகலாம். அதற்கு ஸ்பீச் தெரபிஸ்ட் வழிகாட்டுவார். பக்கவாட்டுப் பார்வை இல்லாதவருக்கு எல்லாக் கருவியும் ஒத்துவராது என்பதால், வாங்கும் முன் அவரை வைத்தே இயக்கிப் பாருங்கள்.

இன்னொன்று. பேச்சு கிடைத்ததும் அண்ணன் திடீரென்று விம்மி அழலாம். பொருத்தமில்லாத நேரத்தில் சிரிப்பதுபோல் முகம் கோணலாம். அழுகையையும் சிரிப்பையும் அடக்கிவைக்கும் நரம்புப் பாதை பழுதாவதால் வருவது இது. இதற்கு மருந்து உண்டு. என்ன உணர்கிறார் என்று முகத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கையைப் பிடித்து எழுதவைக்கும் ஆள் வேண்டாம்

இதில் எனக்குத் தயக்கமே இல்லை. அழைக்காதீர்கள். நோயாளியின் கையைப் பிடித்திருப்பவர்தான் அந்த வார்த்தைகளை எழுதுகிறார் என்று 1990-களிலிருந்தே சோதனைகள் காட்டியிருக்கின்றன. பிடித்திருப்பவருக்கே அது தெரிவதில்லை என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. அவர் ஏமாற்றுக்காரராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. 2009-ல் பெல்ஜியத்தில் பல ஆண்டுகள் உணர்வற்றவராகக் கருதப்பட்ட ஒருவர் இப்படிப் பேசுவதாக உலகம் முழுக்கச் செய்தி வந்தது. உதவியாளரை வெளியே அனுப்பிவிட்டு நோயாளியிடம் பொருட்களைக் காட்டி, பிறகு கேட்டபோது ஒரு பதிலும் சரியாக வரவில்லை. அந்த நோயாளிக்கு உணர்வு இருந்திருக்கலாம் என்பதுதான் இன்னும் வேதனை: அவர் சொல்லாததையெல்லாம் அவர் பெயரில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

உங்கள் வீட்டில் சொத்துப் பத்திரம் ஒன்று நடுவில் இருக்கிறது. அந்த ஆளின் கை வழியாக அண்ணன் 'சம்மதம்' என்று எழுதிவிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

கைரேகையும் பெரிய முடிவுகளும்

கையை அசைக்க முடியாதவரின் விரலில் மை தடவித் தாளில் ஒற்றி எடுப்பது சம்மதம் ஆகாது. அவர் புரிந்துகொண்டாரா, ஒப்புக்கொண்டாரா என்று தெரியாதவரை அது செல்லாது. பின்னாளில் எடுத்தவரையே குற்றவாளியாக்கவும் செய்யும். பெரியப்பாவிடம் இதைச் சண்டையாகச் சொல்லாமல், "டாக்டர் சோதனை நடக்கிறது, அதுவரை எந்தத் தாளிலும் ரேகை எடுக்க வேண்டாம் என்றிருக்கிறார்" என்று என்மேல் போட்டுச் சொல்லுங்கள். பணத் தேவை அவசரமாக இருந்தால், நீதிமன்றம் மூலம் பாதுகாவலரை நியமிக்கும் வழி பற்றி வழக்கறிஞரிடம் அண்ணி பேசட்டும்.

ஆம்-இல்லை நம்பகமாக வந்துவிட்டால் நிலைமை முற்றிலும் மாறிவிடும். உடல் அசையாததால் ஒருவருடைய உரிமை குறைவதில்லை. சிகிச்சை, பணம், யார் தன்னைப் பார்க்க வரலாம், எது வேண்டாம் என்று எல்லாவற்றிலும் முதல் வார்த்தை அவருடையது. அதற்கு முன், உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவது போன்ற திருப்ப முடியாத முடிவு எதையும் குடும்பம் எடுக்கக் கூடாது. ஏழு வாரம் என்பது இந்த நோயில் மிகவும் ஆரம்பம்.

"நான் பாவியா?"

இல்லை. அண்ணன் துன்பப்படக் கூடாது என்றுதான் வேண்டியிருக்கிறீர்கள். ஆனால் அந்த வேண்டுதலுக்கு அடியில், இப்படி வாழ்கிற எவரும் சாகவே விரும்புவார் என்ற முடிவு இருக்கிறது. பெரியப்பாவும் அதையேதான் சொல்கிறார். அதை அப்படியே ஏற்றுக்கொள்ள முடியாது.

பிரான்ஸில் லாக்டு-இன் நோயாளிகளின் சங்கத்தைச் சேர்ந்தவர்களிடம் கேட்டு 2011-ல் வெளியிட்ட ஆய்வில், வாழ்க்கைத் தரம் பற்றிப் பதில் தந்த 65 பேரில் 47 பேர் மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்னார்கள். 18 பேர் இல்லை என்றார்கள். இந்த நிலையில் அதிக காலம் கழித்தவர்களிடம் மகிழ்ச்சி கூடுதலாக இருந்தது. கருணைக் கொலை வேண்டும் என்றவர்கள் நூற்றுக்கு 7 பேர். அதே சமயம், இதயம் நின்றால் மறுபடி உயிர்ப்பிக்க வேண்டாம் என்று பாதிக்கும் மேற்பட்டவர்கள் சொல்லியிருந்தார்கள். வாழ்க்கை பிடித்திருக்கிறது என்று சொல்கிறவரே 'இதற்குமேல் போராட வேண்டாம்' என்று ஓர் எல்லையையும் வைக்கலாம். பக்கத்தில் நிற்கும் நாம் இரண்டையும் யூகிக்க முடியாது. கடிதம் மூலம் பதில் சொல்லும் அளவுக்குப் பேசும் வழியும் உதவிக்கு ஆளும் உள்ளவர்கள் இவர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். பேச வழியில்லாமல் கிடப்பவரின் நிலை இவர்களுடையதைவிட மோசம். நாம் மாற்றக்கூடியதும் அதைத்தான்.

குணமாவது பற்றி: ஒரு விரல், தலையசைவு, கொஞ்சம் விழுங்கும் திறன் என்று திரும்பப் பெறுகிறவர்கள் இருக்கிறார்கள். தீவிரமான பிசியோதெரபியை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவுக்கு நல்லது. பழையபடி எழுந்து நடப்பது அரிது. அதை மறைத்து நம்பிக்கை கொடுக்க எனக்கு விருப்பமில்லை. உடல்நிலை சீரானவர்கள் பல ஆண்டுகள் வாழ்கிறார்கள் என்பதால், ஒரே ஆள் இரவும் பகலும் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு நிற்காது. இப்போதே முறை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது

சோதனை முடியும்வரை இதற்குக் காத்திருக்க வேண்டாம். அண்ணனிடம் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். அவருக்குக் கடைசியாக நினைவிருப்பது அந்தக் காலைத் தலைசுற்றலாக இருக்கலாம். ஐசியு நாட்களில் மருந்து மயக்கத்தில் பயங்கரமான கனவுகள் வந்திருக்கலாம். எது நிஜம் என்று அவருக்கே தெரியாதிருக்கலாம். "மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது, அதனால் கை கால் வேலை செய்யவில்லை, கழுத்தில் டியூப் இருப்பதால் குரல் வராது, இன்று இந்தத் தேதி, நீங்கள் நம் வீட்டில் இருக்கிறீர்கள்" என்று எளிய வார்த்தைகளில் சொல்லுங்கள். நாளைக்கும் சொல்லுங்கள்.

சளி உறிஞ்சும் குழாயை விடும் முன் ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டு விடுங்கள். மூச்சு திடீரென்று அடைபடும். எதற்கு என்று தெரியாதவருக்கு அது யாரோ கழுத்தை நெரிப்பதாகத் தோன்றும். இமை சரியாக மூடாததால் கண் காய்ந்து எரியும். மண் விழுந்த கண்ணைக் கசக்க முடியாமல் மணிக்கணக்கில் கிடப்பதை நினைத்துப் பாருங்கள். சொட்டு மருந்தும், இரவில் இமையை மூடிவைக்கும் முறையும் மருத்துவரிடம் கேளுங்கள். இப்போது அவரிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கண்தான். அது புண்ணானால் பேச்சும் போய்விடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, தோள் வலி இவற்றையெல்லாம் அவரால் சொல்ல முடியாது என்பதால் நீங்கள் தேடிப் பார்க்க வேண்டும்.

பெரியப்பா பேச வேண்டியதை வேறு அறையில் பேசட்டும். ஏற்கெனவே பேசியதை அண்ணன் கேட்டிருக்கக்கூடும். அதைக் கேட்காததுபோல் விட்டுவிடாதீர்கள். "அன்று பேசியது உங்கள் காதில் விழுந்திருந்தால் மன்னித்துவிடுங்கள் அண்ணா, உங்களைக் கேட்காமல் எதுவும் செய்யமாட்டோம்" என்று அண்ணியும் நீங்களும் சேர்ந்து அவரிடம் சொல்லுங்கள். அண்ணன் மகளையும் தடுக்காதீர்கள். பள்ளியில் நடந்ததை வந்து சொல்லட்டும். அவளுக்கு என்ன தெரிய வேண்டும், எவ்வளவு நேரம் இருக்க விருப்பம் என்று அவளிடமே கேளுங்கள்.

வீடியோவும் இரண்டு தாள்களும் தயாரானதும், எம்ஆர்ஐ படங்களோடு நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். அவர் பார்க்க மறுத்தால் இன்னொருவரிடம் போங்கள். மூச்சுத் திணறல், காய்ச்சல், டியூபைச் சுற்றி ரத்தம், இருந்த கண்ணசைவும் திடீரென்று குறைவது இவற்றில் எது வந்தாலும் அந்தச் சந்திப்புக்காகக் காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுசெல்லுங்கள். அங்கே இருப்பவர்களிடம் முதலிலேயே சொல்லுங்கள்: "இவருக்குக் காது கேட்கும், கண்ணை மேலே தூக்கினால் ஆம் என்று அர்த்தம்."